ஆறு ஆட்டம், இரண்டு புள்ளி: கோச்சை மாற்றுவதா?

போன சீசனில் ஆறாவது ஆட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, எங்கள் கால்பந்து கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் மலேசியாவிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. "தம்பிகளா, முதல்ல ஆளை மாத்துங்க. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்." பத்து வினாடிகூட இல்லை. பேசியவர் ஒரு காலத்தில் எங்களுக்கு லெஃப்ட் அவுட் ஆடியவர். இன்று ஜெர்சி, பந்து, வெளியூர் ஆட்டத்துக்கு வேன் வாடகை எல்லாம் பெரும்பாலும் அவர் பணம்தான். நான் கிளப்பின் பொருளாளர். அந்த ராத்திரி எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது.

அடுத்த பத்து நாளில் என்ன யோசித்தோம், என்ன முடிவு எடுத்தோம், அப்புறம் என்ன ஆனது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். கிளப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம். காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் பந்து பார்க்கிறவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

நிலைமை

பன்னிரண்டு அணிகள் கொண்ட உள்ளூர் லீக். ஒவ்வொருவரோடும் ஒரு முறை, ஆக ஆளுக்குப் பதினோரு ஆட்டம். கடைசி இரண்டு இடம் பிடித்தால் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். ஆறு ஆட்டம் முடிந்தபோது எங்கள் கணக்கு: வெற்றி இல்லை, டிரா இரண்டு, தோல்வி நான்கு. அடித்தது 3 கோல், வாங்கியது 11. பதினோராவது இடம். மீதி ஐந்து ஆட்டம்.

கோச் ஒரு ரிடையர்டு பி.டி. வாத்தியார். பையன்கள் 'மாஸ்டர்' என்பார்கள். எங்கள் ஊரில் மாஸ்டர் என்றால் முதலில் சமையல் மாஸ்டர்தான் ஞாபகத்துக்கு வருவார். அணியிலேயே நான்கு பேர் கல்யாணச் சமையல் கோஷ்டியில் வேலை பார்ப்பவர்கள் என்பதால் மைதானத்தில் 'மாஸ்டர் கூப்பிடுறார்' என்று யாராவது சொன்னால் இரண்டு பக்கமும் தலை திரும்பும். மற்றவர்களில் ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவர் ஒருவர், முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடையில் நிற்பவர் ஒருவர், மீதிப் பேர் கல்லூரிப் பையன்கள். யாருக்கும் இதில் சம்பளம் கிடையாது. மாஸ்டருக்கு மட்டும் பெட்ரோல் செலவு என்று ஒரு தொகை கொடுப்போம், அதையும் அவர் பாதி நேரம் பந்துக்குக் காற்றடிக்கவும் டேப் வாங்கவும் செலவழித்துவிடுவார்.

மாற்றாக ஒருவர் தயாராக இருந்தார். மதுரைப் பக்கம், வயது நாற்பதுக்குள், கோச்சுகளுக்கான டி லைசென்ஸ் முடித்தவர். சனி, ஞாயிறு மட்டும் வர முடியும் என்றார். மாதம் ஒரு தொகை கேட்டார், அது நியாயமான தொகைதான். மலேசியா அண்ணன் அதைத் தானே தருவதாகச் சொல்லிவிட்டார். ஆக பணம் ஒரு தடையே இல்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் பயத்தைக் கொடுத்தது. கையில் காசில்லாதபோது கமிட்டி நிதானமாக யோசிக்கும், காசு வந்தால் அவசரம் வந்துவிடும்.

கைராசி

கோச்சை மாற்றினால் அணி தேறுகிறதே, கண்ணால் பார்க்கிறோமே என்பதுதான் எல்லோரும் சொல்லும் வாதம். அது பொய்யில்லை. மாற்றிய பிறகு பெரும்பாலும் புள்ளி ஏறத்தான் செய்கிறது. ஏன் ஏறுகிறது என்பதில்தான் சிக்கல்.

நம் ஊர்களில் கைராசி டாக்டர் என்று ஒருவர் இருப்பார். பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், முதல் டாக்டர் மருந்தில் இறங்கவில்லை. நான்காம் நாள் பொறுக்காமல் வேறு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஐந்தாம் நாள் காய்ச்சல் விடும். நான்கைந்து நாளில் தானாக இறங்குகிற காய்ச்சல்தான் அது. ஆனால் பேர் இரண்டாவது டாக்டருக்கு. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது மட்டுமே டாக்டரை மாற்றினால், எந்த டாக்டருக்கும் கைராசி வந்துவிடும்.

கால்பந்திலும் கோச்சை மாற்றுவது உச்சத்தில்தான். நான்கு ஆட்டம் தொடர்ந்து தோற்ற பிறகு மாற்றுவார்களே தவிர, நான்கு ஆட்டம் ஜெயித்த பிறகு யாரும் மாற்றுவதில்லை. அந்த நான்கு தோல்வியில் கொஞ்சம் கோச் தப்பு இருக்கும். கொஞ்சம் காயம், கொஞ்சம் ரெஃப்ரி, கொஞ்சம் போஸ்ட்டில் பட்டுத் திரும்பிய பந்து. கடைசி மூன்றும் கோச் யாராக இருந்தாலும் அடுத்த மாதம் அதே அளவு எதிராக இருக்கப் போவதில்லை.

நெதர்லாந்துக்காரர்கள் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1986 முதல் 2004 வரையிலான அந்த நாட்டு முதல் டிவிஷன் ஆட்டங்களை எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு, கோச் மாறுவதற்கு முன்னால் ஒரு சரிவும் பின்னால் ஒரு மீட்சியும் இருப்பதைக் காட்டியது. அதே அளவு சரிந்தும் கோச்சை மாற்றாத அணிகளிலும் அந்த மீட்சி இருந்தது. 2000க்குப் பிந்தைய பதினான்கு சீசன்களைப் பார்த்த இன்னொரு ஆய்வும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. அதில் பந்தயம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என்ன முடிவை எதிர்பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். எதிர்பார்ப்புக்குக் கீழே விழுந்த அணி, ஆளை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் எதிர்பார்ப்பை நோக்கித் திரும்பி வந்தது.

இதைக் கமிட்டியில் சொன்னபோது செயலாளர் கேட்டது: "சரி, மாத்தினாலும் ஒண்ணு, மாத்தாட்டியும் ஒண்ணுன்னா மாத்திட்டா என்ன?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அப்போது என்னிடம் இல்லை.

சென்னையின் மூன்று கதை

இங்கிலாந்து வரை போக வேண்டாம், இந்தியன் சூப்பர் லீக் அணியான 'சென்னையின் எஃப்.சி.' என்ற ஒரே கிளப்பிலேயே மூன்று விதமும் நடந்திருக்கிறது.

2015. மெட்டராசி கோச். சீசன் பாதி தாண்டிய பிறகும் அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. மாற்றவில்லை. லீக்கின் கடைசி நான்கு ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்குப் போனார்கள். அந்த டிசம்பரில் சென்னையில் வெள்ளம். சொந்த ஊர் ஆட்டத்தை புனேயில் போய் ஆடவேண்டி வந்தது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். இறுதி ஆட்டத்தில் கோவாவை அதன் சொந்த மண்ணில் 3-2. கோப்பை.

2019. ஜான் கிரிகோரி. 2017-18இல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், அடுத்த சீசனில் கடைசி இடம், அதற்கடுத்த சீசனில் முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றி. நவம்பர் கடைசியில் விலகினார், டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். அணி நான்காவது இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டி, 2020 மார்ச்சில் ஆளில்லாத மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் கொல்கத்தா அணியான ஏ.டி.கே.விடம் 3-1 என்று தோற்றது. கோச் மாற்றத்துக்கு இந்திய உதாரணம் கேட்டால் எல்லோரும் இதைத்தான் எடுப்பார்கள்.

ஆனால் கிரிகோரியின் கடைசி இரண்டு ஆட்டத்தை யாரும் பேசுவதில்லை. நான்கு ஆட்டம் வறண்டு கிடந்த அணி, அந்த இரண்டில் நான்கு கோல் அடித்திருந்தது: ஹைதராபாத்தை 2-1 என்று ஜெயித்தது, ஒடிசாவோடு 2-2. அதாவது காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது. அதற்காகக் காயில் செய்தது ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். கொச்சியில் போய் கேரளாவை 6-3 என்று அடித்த அணி வெறும் அதிர்ஷ்டத்தில் ஆடவில்லை. அந்த சீசனில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸ் கிரிகோரி காலத்திலேயே வந்துவிட்டவர். அவருக்குப் பந்து போய்ச் சேரும் வழியைக் காயில் திறந்துவிட்டார். ஆள் இருந்தான், வழி இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கோச் மாற்றம் வேலை செய்யும். ஆளே இல்லாத இடத்தில் யார் வந்து என்ன?

மூன்றாவது, 2022 பிப்ரவரி. கோவாவிடம் ஐந்து கோல் வாங்கிய பிறகு பாண்டோவிச்சை அனுப்பிவிட்டு, உதவிப் பயிற்சியாளராக இருந்த சபீர் பாஷாவிடம் மீதி ஆட்டங்களைக் கொடுத்தார்கள். பதினோரு அணிகளில் எட்டாவது இடம். பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

இங்கிலாந்துக் கணக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கமிட்டியில் அதிகம் வேலை செய்தது இதுதான். 2022-23 பிரீமியர் லீகில் கீழ்ப்பாதியில் முடித்த பத்து அணிகளில் எட்டு அணி நடுவில் மேனேஜரை (அங்கே கோச்சுக்கு அதுதான் பெயர்) மாற்றியவை. இறங்கிய மூன்றும் (லெஸ்டர், லீட்ஸ், சவுத்தாம்ப்டன்) அந்த எட்டில் அடக்கம். மாற்றாத இரண்டு, நாட்டிங்ஹம் ஃபாரஸ்டும் வெஸ்ட் ஹாமும், தப்பித்துவிட்டன. ஃபாரஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போய், அட்டவணையில் கடைசியில் இருந்த அக்டோபர் மாதமே ஸ்டீவ் கூப்பருக்குப் புது ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. மாற்றித் தப்பித்தவர்களும் உண்டு. கிரிஸ்டல் பேலஸ் மார்ச்சில் வியேராவை அனுப்பிவிட்டு எழுபத்தைந்து வயது ராய் ஹாட்ஜ்சனைக் கூட்டி வந்தது. கடைசிப் பத்து ஆட்டத்தில் 18 புள்ளி. கிழவர் மந்திரம் போட்டுவிட்டார் என்றார்கள். வியேராவின் கடைசி மாதங்களில் வந்தவை பெரும்பாலும் மேல்பாதி அணிகள், ஹாட்ஜ்சனுக்கு மிஞ்சியவை பெரும்பாலும் கீழ்ப்பாதி அணிகள். அதையும் சேர்த்துத்தான் அந்த 18ஐப் படிக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியைச் சொன்னதும் எங்கள் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம இதுவரைக்கும் யார் யார்கூட ஆடியிருக்கோம்?"

ஐந்தொகை

செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு ஐந்தொகை தெரியும். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் கடைகளில் வரவு, பற்று எல்லாம் திரட்டி, கடை எந்த நிலையில் நிற்கிறது என்று எடுக்கும் கணக்கு அது. அந்தக் கடைகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் முதலாளிகள் இல்லை. மூன்று வருஷக் கணக்குக்குப் போகும் ஏஜெண்டுகள். தவணை முடியும்போது புது ஆள் வந்து, பழைய ஆளோடு உட்கார்ந்து கணக்கைச் சரிபார்த்து ஒப்புக்கொள்வார், அப்புறம்தான் பழையவர் கப்பல் ஏறுவார். கடையில் ஏஜெண்டுக்கு அடுத்த நிலையில் 'அடுத்தாள்' என்று ஒருவர் எப்போதும் இருப்பார். என் அப்பாவின் ஐயா அப்படி ஒரு அடுத்தாளாகப் போய் ஏஜெண்டாகத் திரும்பியவர் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு மாத வசூல் குறைந்தது என்று ஏஜெண்டைத் திருப்பி அழைத்தால் கடைதான் கெடும், ஏனென்றால் யாருக்கு எவ்வளவு கொடுத்தது, யார் திருப்பித் தருவான் என்பது பாதி நோட்டிலும் பாதி அவர் தலையிலும் இருக்கும்.

சரி, நமக்கும் ஓர் ஐந்தொகை எடுப்போம் என்று உட்கார்ந்தேன். எங்களிடம் ஒரு வசதி உண்டு. ஸ்கோர் எழுதும் பையன் மைதானத்துக்கு எதிரே உள்ள மொட்டை மாடியில் நின்று ஒவ்வோர் ஆட்டத்தையும் மொபைலில் எடுத்துவிடுவான். ஆறு ஆட்டத்தையும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். நோட்டில் விழுந்தவை:

ஆறு எதிரணிகளில் நான்கு, முந்தைய வருஷம் முதல் ஐந்து இடத்துக்குள் வந்தவை. மீதி ஐந்து ஆட்டத்தில் அப்படிப்பட்ட அணி ஒன்றே ஒன்று. இரண்டு அணிகள் இரண்டாம் டிவிஷனிலிருந்து அப்போதுதான் ஏறி வந்தவை.

கோலுக்கு நேரான வாய்ப்பு அவர்களுக்கு 24, எங்களுக்கு 19. இந்த வித்தியாசம் 3-11 என்று முடிய வேண்டியதில்லை. முந்தைய சீசனில் நாங்கள் சுமார் நான்கு வாய்ப்புக்கு ஒரு கோல் அடித்திருந்தோம். இந்த ஆறு ஆட்டத்தில் ஆறு வாய்ப்புக்கு ஒன்று. காரணம் தேட வேண்டியதில்லை. எங்கள் சென்டர் ஃபார்வர்டு இரண்டாவது ஆட்டத்தில் தொடைச் சதை பிடித்துக்கொண்டு வெளியே போனவன், எட்டாவது ஆட்டத்துக்குத்தான் திரும்புவான்.

வாங்கிய 11இல் ஐந்து, கார்னரிலிருந்தும் ஃப்ரீ கிக்கிலிருந்தும். இரண்டு பெனால்டி. ஓடும் ஆட்டத்தில் வாங்கியது நான்குதான், அதில் மூன்று கடைசி இருபது நிமிஷத்தில்.

இதுவரை எழுதும்போது மாஸ்டர் பக்கம் வரவு கூடிக்கொண்டே வந்தது. கடைசிப் பக்கத்தில்தான் பற்று. பயிற்சிக்கு வந்தவர்கள் எண்ணிக்கை: சீசன் தொடக்கத்தில் பதினாறு பேர், ஆறாவது ஆட்டத்துக்கு முந்தைய வாரம் ஏழு பேர். ஏழு பேரை வைத்துக்கொண்டு கார்னரில் யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று எப்படிச் சொல்லித் தருவது? கடைசி இருபது நிமிஷத்தில் கால் ஏன் நகரவில்லை என்பதற்கும் பதில் அந்த ஏழுதான்.

இது கெட்ட நேரம் இல்லை. இதற்கு யாரோ ஒருவர் பொறுப்பு.

கூட்டம்

தலைவர் வீட்டு முகப்பில் கூடினோம். கமிட்டி ஏழு பேர். கேப்டனையும் கூப்பிட்டிருந்தோம், அவன் உட்காராமல் தூணில் சாய்ந்துகொண்டே நின்றான். ஏழு பேருக்கு மத்தியில் ஒரு தட்டு வெள்ளைப் பணியாரம் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

பயிற்சிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டோம். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னான்: "மாஸ்டர் மேல கோவமெல்லாம் இல்லண்ணே. காலைல அஞ்சரைக்கு வரச் சொன்னார். தை மாசம், தினம் ஒரு முகூர்த்தம். அஞ்சரைக்கு நாங்க இட்லிப் பானை முன்னாடி நிப்போம். வர முடியலன்னு சொன்னோம், விளையாட்டா வேலையான்னு கேட்டார். வேலைதான்னு சொன்னேன். அதுக்கப்புறம் பேச்சில்ல."

மாஸ்டர் நேரத்தை மாற்றியதற்கும் ஒரு காரணம் இருந்தது. சாயங்காலம் மைதானத்தில் கிரிக்கெட் கோஷ்டியோடு இடத்தகராறு. இதை அவர் கமிட்டியிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பொருளாளர் என்ற முறையில் மைதான வாடகை கொடுத்தது நான். எந்த நேரத்துக்கு வாடகை என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. ஆக அந்தப் பற்றில் பாதி என் பெயரில் எழுத வேண்டியது.

செயலாளரின் வாதம் அப்போதும் வலுவாகத்தான் இருந்தது. கேப்டனுக்கும் கோச்சுக்கும் பேச்சே இல்லையென்றால் எந்தக் கணக்கும் உதவாது, புது முகம் வந்தால் பையன்கள் திரும்பி வருவார்கள், சண்டை போட்ட இடம் சண்டை போட்ட இடம்தான் என்றார். இதில் உண்மை உண்டு. கோச் மாற்றம் நிஜமாகவே பலன் தருவது இப்படிப்பட்ட இடத்தில்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். 2017 பிப்ரவரியில், சாம்பியன் பட்டம் வாங்கி ஒன்பதே மாதத்தில், லெஸ்டர் ரானியேரியை அனுப்பியபோது உலகமே திட்டியது. அடுத்து வந்த ஷேக்ஸ்பியர் முதல் ஐந்து லீக் ஆட்டத்தையும் ஜெயித்தார், அணி பன்னிரண்டாம் இடத்தில் முடித்தது. அவர் வெளியூர் ஆள் இல்லை, ரானியேரிக்கே உதவியாளராக இருந்தவர். எங்கள் பாஷையில் அடுத்தாள். யார் என்ன செய்வார்கள் என்று அறிந்தவர், கணக்கை முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை.

மதுரைக்காரர் மேல் எனக்கு இருந்த தயக்கமும் இதுதான். திறமை பற்றிச் சந்தேகமே இல்லை. ஐந்து ஆட்டம், வாரம் இரண்டு நாள், அதில் ஒரு நாள் ஆட்டமே. பயிற்சிக்கு மிஞ்சுவது ஐந்து சனிக்கிழமை. பதினெட்டுப் பேரின் பெயரும் காலும் பழகவே மூன்று சனிக்கிழமை போய்விடும். செயலாளரின் 'மாற்றிவிட்டால் என்ன' என்ற கேள்விக்கு இதுதான் என் பதில் என்று இந்தக் கூட்டத்தில் சொன்னேன். பலன் ஒன்றேதான் என்றாலும் செலவு ஒன்றல்ல. வருகிறவரின் முதல் மூன்று வாரம் நம் கைக்காசு.

ஓட்டெடுப்பு. வைத்துக்கொள்ள நான்கு, மாற்ற மூன்று. மாற்ற வேண்டும் என்று வந்த நான், வைத்துக்கொள்ளும் பக்கம் கை தூக்கினேன். ஆனால் நிபந்தனையோடு. பயிற்சி ராத்திரி ஏழு மணிக்கு, ஃப்ளட்லைட் உள்ள பக்கத்து மைதானத்தில், வாடகை கூட ஆனாலும் பரவாயில்லை. பழைய ஸ்டாப்பர் (தடுப்பாட்டக்காரர்) ஒருவர், முப்பத்தைந்து வயது, சும்மா வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், அவருக்கு கார்னரும் ஃப்ரீ கிக்கும் மட்டும் ஒப்படைப்பது. இரண்டு ஆட்டம் கழித்துத் திரும்பக் கூடுவோம். பயிற்சிக்குப் பன்னிரண்டு பேர் வரவில்லையென்றால் மாஸ்டரிடமிருந்து அந்த ஸ்டாப்பருக்கு மாற்றுவது. அட்டவணையில் எங்கே இருக்கிறோம் என்பதை நிபந்தனையாக வைக்கவில்லை. இரண்டு ஆட்டத்தில் புள்ளி எங்கே வேண்டுமானாலும் போகும், பயிற்சிக்கு வரும் தலையை மட்டும் பொய்யில்லாமல் எண்ணலாம்.

மாஸ்டரிடம் சொல்லப் போனது தலைவரும் நானும். காபி கொடுத்தார். ஓட்டு எண்ணிக்கை உட்பட எல்லாவற்றையும் சொன்னோம். நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "கார்னர்லயா அஞ்சு?" என்றார். கோட்டுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அப்புறம் நோட்டை மூடிவிட்டு, "மூணு பேர் யாருன்னு கேக்கல. ஆனா என்னை எடுக்கிறதுன்னா நேர்ல வந்து சொல்லுங்க, வாட்ஸ்அப்ல வேணாம்" என்றார். மறுநாளே கேப்டன் வேலை பார்க்கும் கல்யாண மண்டபத்துக்கே போயிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. பந்தியில் சாப்பிட வைத்து அனுப்பினானாம்.

அப்புறம்

ஏழாவது ஆட்டம் 0-0. பார்க்கவே சகிக்காத ஆட்டம். பயிற்சிக்கு வந்தவர்கள் பதிமூன்று. எட்டாவதில் ஃபார்வர்டு திரும்பி வந்தான், 2-1, முதல் வெற்றி. ஒன்பதாவது அந்த ஒரே பெரிய அணி, 0-3. பத்தாவது 3-1. பதினோராவது 0-1, பெனால்டி. ஐந்து ஆட்டத்தில் ஏழு புள்ளி, மொத்தம் ஒன்பது. பத்தாவது இடம், பதினோராவது அணிக்கு எட்டு. ஒரு புள்ளியில் தப்பித்தோம்.

கமிட்டியில் சிலர் இதை எங்கள் முடிவின் வெற்றியாகச் சொல்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். அடித்த ஐந்து கோலில் மூன்று அந்த ஃபார்வர்டுடையது. அவன் தொடையை ஆற்றியது மாஸ்டர் இல்லை, நாள்தான். எதிரணிகள் லேசானவை, அது ஜனவரியிலேயே அட்டவணையில் எழுதியிருந்தது. மதுரைக்காரர் வந்திருந்தாலும் ஐந்தாறு புள்ளியாவது வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்படி வந்திருந்தால் ஊரே அவரைத் தோளில் தூக்கியிருக்கும், நானும் மாலை வாங்கப் பணம் எடுத்துக் கொடுத்திருப்பேன், மாஸ்டர் தன் வீட்டில் உட்கார்ந்து தான்தான் காரணம் என்று கடைசிவரை நம்பியிருப்பார்.

எங்களால் ஆனது என்று நான் எழுதிக்கொள்வது ஒன்றே ஒன்று: கடைசி ஐந்து ஆட்டத்தில் வாங்கிய ஆறு கோலில் கார்னரில் வந்தது ஒன்று, கடைசி இருபது நிமிஷத்தில் வந்ததும் ஒன்றுதான். ஒரு புள்ளியில் தப்பித்த அணிக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் இதே திருத்தத்தைப் புது கோச்சும் செய்திருக்கலாம், நாங்கள் அந்த நோட்டை அவர் கையில் கொடுத்திருந்தால். நோட்டு எழுதாமல் ஆளை மட்டும் மாற்றியிருந்தால், அவரும் காலை ஐந்தரைக்கே வரச் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது. சாயங்காலம் கிரிக்கெட் கோஷ்டி அங்கேதானே இருந்தது.

சித்திரையில் மாஸ்டர் தானாகவே விலகிக்கொண்டார். முழங்கால் வலி என்றார். புது சீசனுக்கு முன்னால் மூன்று வாரம் அந்த ஸ்டாப்பரோடு சேர்ந்து மைதானத்துக்கு வந்தார், யார் யாருக்கு எந்தக் காலில் பலம், யாரைத் திட்டினால் ஆடுவான், யாரைத் திட்டினால் படுத்துவிடுவான் என்பதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். விசிலைக் கொடுக்கவில்லை. அது என் சொந்த விசில் என்றார்.

இந்த சீசனில் இதுவரை நான்கு ஆட்டம். ஒரு வெற்றி, மூன்று தோல்வி. நேற்று ராத்திரி மலேசியாவிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது, இந்தத் தடவை நாற்பது வினாடி. இன்னும் திறக்கவில்லை, மொட்டை மாடிப் பையனிடம் வீடியோ கேட்டிருக்கிறேன்.